சின்ன மூச்சு

மகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு இரண்டு உள்ளங்கைகளாலும் அவள் கன்னங்களை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். கலாமணிக்கு இந்த அறையில் கொடுத்த வேலை அவ்வளவுதான். நிலாவின் மூக்கில் ஒரு கிளிப், வாயில் வெள்ளைக் குழாய், குழாயின் மறுமுனையில் மிஷின், மிஷினுக்குப் பக்கத்தில் டெக்னீசியன் ஜெசிந்தா. "கன்னம் உப்பப்படாது, பாத்துக்கிடுங்க அக்கா. உப்பிச்சுன்னா மிஷின் அனுப்புற அலையெல்லாம் கன்னத்துலயே நின்னு போவும், நெஞ்சுக்குள்ள எறங்காது" என்றாள். பேச்சைக் கேட்டதுமே நாகர்கோவில் பக்கம் என்று தெரிந்துவிட்டது. பிறகு பிள்ளையிடம் குனிந்து, "மக்களே, நீ ஒண்ணும் ஊதாண்டாம் கேட்டியா. எப்பவும் போல மூச்சு விடு, அது போதும்" என்றாள். எப்பவும் போல. கலாமணியின் மனசு அங்கேயே தடுக்கி நின்றது. எப்பவும் போல என்றால் இந்தப் பிள்ளைக்கு எது? பள்ளிக்கூடம் விட்டு வந்து மாடிப்படியில் பாதி ஏறிவிட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாளே, அந்த மூச்சா? பல் தேய்க்கும்போது பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்துவிட்டு வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளே, அதுவா? எப்பவும் போல விடாமல் போய்விட்டால் என்ன செய்வது? புது இடம், ஏசி அறை, பிரியமாகப் பேசுகிற ஒருத்தி. பிள்ளை பாட்டுக்கு நன்றாக மூச்சு விட்டுத் தொலைத்துவிட்டால்? தொலைத்துவிட்டால் என்றா நினைத்தோம்? என்ன நினைப்பு இது, பெற்றவள் நினைக்கிற நினைப்பா? அதற்குள் மிஷின் தட்டத் தொடங்கிவிட்டது. டுக் டுக் டுக் என்று சின்னச் சின்னத் தட்டல். கன்னத்துத் தோல் வழியாக அது அவள் உள்ளங்கைக்கு வந்தது. வயிற்றில் இருந்தபோது உள்ளேயிருந்து தட்டியவள் இவள். இப்போது யாரோ வெளியே நின்றுகொண்டு உள்ளே யாராவது இருக்கிறீர்களா என்று தட்டிக் கேட்கிறார்கள். இருக்கிறார்கள், தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள் என்று அவளுக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது. கை மட்டும் ஆடவில்லை.

நார்மல். அந்த ஒரு வார்த்தையை நினைத்தால்தான் அவளுக்குக் குலை நடுங்குகிறது. ஊரில் உள்ள தாய்மார்கள் எல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த வார்த்தைக்காகத்தான் தவம் கிடக்கிறார்கள். அவளும் கிடந்தவள்தான். நிலா பிறந்த அன்றைக்கு நர்ஸ் வெளியே போய் "நார்மல்ங்க" என்று சொன்னதும், வீட்டுக்காரர் சண்முகவடிவேல் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தாராம், வழி கேட்க வந்த ஆட்டோக்காரர் உட்பட. அன்றைக்கு லட்டாக இருந்த வார்த்தை எப்போது கசந்தது? திருப்பூரில் முதல் தடவை ஊதுகிற டெஸ்ட் எடுத்தபோதா, அல்லது இரண்டாம் தடவையா? நெஞ்சு முட்ட மூச்சை இழுத்து ஒரே மூச்சில் ஊத வேண்டும். ஊது ஊது ஊது, விடாதே விடாதே என்று பக்கத்தில் ஒருவர் கத்துவார், வழுக்குமரம் ஏறுகிறவனுக்குக் கூட்டம் கத்துகிற மாதிரி. நிலாவோ வீம்புக்காரி. முகம் சிவக்க, கண் பிதுங்க, ஊதித் தள்ளிவிட்டாள். கம்ப்யூட்டரில் கோடு அழகாக ஏறி அழகாக இறங்கியது. டாக்டர் நல்ல மனுஷர், பொய் சொல்லவில்லை, காகிதத்தில் இருந்ததைத்தான் சொன்னார். "ஒண்ணுமில்லம்மா, நார்மல்." அந்த வாரமே பிள்ளை மறுபடியும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் அன்றிலிருந்து மூச்சுக்கு முந்நூறு தரம் நார்மல். அப்பா சொன்னார், அத்தை சொன்னார், எதிர்வீட்டுக்காரர்கள்கூடச் சொன்னார்கள். அந்த வார்த்தை வந்த பிறகு பிள்ளை என்ன சொன்னாலும் அது பொய்யாகிவிட்டது. "நல்லா விடுத மக்களே, இன்னும் கொஞ்சம்" என்றாள் ஜெசிந்தா. நல்லா விடுகிறாளா? எதை வைத்து நல்லா என்கிறாள்? கலாமணி தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பி அவள் முகத்தைப் பார்த்தாள். துடைத்துக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது அந்த முகம். ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

விசில் சத்தம் கேட்காததுதான் எல்லாவற்றுக்கும் காரணம். வீசிங் என்றால் விசில் அடிக்க வேண்டும் என்பது நாத்தனார் ருக்குமணி கண்டுபிடித்த வைத்தியம். வீசிங்கும் விசிலும் ஒன்றுதான் என்று அவர் முடிவுகட்டிப் பல வருஷமாகிறது. "என்ற கொழுந்தனார் மவனுக்கு இருந்துச்சே, அது வீசிங்கு. தெருமொனையில நின்னாக் கேக்கும், குக்கராட்ட. இவளுக்கு எங்க இருக்குது விசிலு? நெஞ்சுல காத வெச்சுப் பாத்துட்டேன், ஒரு சத்தத்தையும் காணோம்." குக்கர் விசில் அடித்தால்தான் சோறு வெந்தது என்கிற கணக்கு. டாக்டர்கள் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தபோதும் பெரும்பாலும் சத்தம் கேட்டதில்லை. பிள்ளைக்கு மட்டும்தான் அது தெரியும். தெரிந்ததற்கு ஒரு பெயரும் வைத்திருந்தாள். சின்ன மூச்சு. "அம்மா, இப்ப எனக்குச் சின்ன மூச்சுதான் வருது" என்பாள். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியாது, ஒன்றாம் வகுப்பிலிருந்தே அப்படித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது அவள் அதைச் சொல்லப்போக, ருக்குமணி, "அதென்ன புள்ள சின்ன மூச்சு, பெரிய மூச்சு? சின்ன வீடு, பெரிய வீடாட்ட!" என்றார். வீடே சிரித்தது. சண்முகவடிவேலுக்குப் புரையேறியது. நிலாவுக்கு அதில் என்ன சிரிப்பு என்று புரியவில்லை, எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தானும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அது கலாமணியின் நெஞ்சில் இன்றைக்கும் மீன்முள்ளாகக் கிடக்கிறது. பேச்சு பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டது. கபடியில் பாடிப் போகிறவர்கள் மூச்சு விடாமல் கபடி கபடி என்று சொல்லிக்கொண்டே போய்த் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். நிலா பாதி ஆடுகளத்தில் பாட்டை விட்டுவிட்டு நின்றாள். பீட்டி சார், "என்ன, சின்ன மூச்சா?" என்று கேட்டார். அவர் வேடிக்கைக்குத்தான் கேட்டார். அன்றிலிருந்து வகுப்பில் அவள் பெயரே சின்னமூச்சு. கவிநிலா என்று பார்த்துப் பார்த்து வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

"ஒரு தடவ முடிஞ்சுது. இன்னும் ரெண்டு தடவ எடுக்கணும். தண்ணி வேணுமா மக்களே?" என்றாள் ஜெசிந்தா. நிலா தலையாட்டி மறுத்தாள். கலாமணி கையை எடுத்தாள். பிள்ளையின் கன்னத்தில் அம்மாவின் விரல்கள் வெள்ளையாகப் பதிந்திருந்து மெல்லச் சிவந்தன. மறுபடியும் கிளிப், மறுபடியும் குழாய், மறுபடியும் கை. சண்முகவடிவேல் கெட்டவரில்லை. சிக்கலே அதில்தான். கெட்டவராக இருந்தால் நாலு சண்டை போட்டிருக்கலாம். மகள் மேல் உயிரையே வைத்திருக்கிற மனுஷர், ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடுவார், அதுதானே அவருக்கு வேண்டியிருந்தது. ஸ்பிரேயைப் பழக்கினால் அப்புறம் விடவே முடியாது என்று அக்கா சொன்னதையும் நம்பினார். முன்பு ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்ததைப் பிரிக்காமலே எடுத்துப் பரண் மேல் வைத்தார். நேற்று பஸ்ஸுக்குக் கிளம்பும் பேச்சு வந்தபோது சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார். "கோயமுத்தூருக்கும் போயிட்டு வந்துரு கலா, நான் வேண்டாங்கல. ஆனா இதுதான் கடைசி. இதுலயும் நார்மல்னு வந்துட்டா அப்பறம் இதப் பத்தி நீ மூச்சு விடக்கூடாது. அவளும் சின்ன மூச்சு கின்ன மூச்சுன்னு சொல்லக்கூடாது. செரியா?" செரிங்க என்று அவளும் தலையாட்டிவிட்டாள். மூச்சு விடக்கூடாது. என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அப்பா சொன்னால் நிலா கேட்டுக்கொள்வாள், அவளுக்கு அப்பா என்றால் அவ்வளவு. இனி மாடிப்படியில் உட்கார்ந்தால் வாயைத் திறக்க மாட்டாள். சொல்லாமலே உட்கார்ந்திருப்பாள். அதை நினைத்துத்தான் இன்று காலையில் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மாரியம்மன் கோயில் வாசலில் கலாமணி நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு, ஆத்தா, எம்பிள்ளைக்குச் சீக்கு இருக்குதுன்னு காட்டிக் குடு, உப்பும் மிளகும் வாங்கிக் கொட்டறேன் என்று வேண்டிக்கொண்டாள். வேண்டி முடித்த பிறகுதான் உறைத்தது. ஐயையோ என்று தன் கன்னத்தில் தானே போட்டுக்கொண்டாள். போட்டுக்கொண்டாலும் வேண்டுதலைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ஆத்தாளுக்குத் தெரியும், சீக்கு வேண்டும் என்று கேட்கவில்லை. இருக்கிற சீக்கை எல்லாரும் பார்க்க வேண்டும் என்றுதான் கேட்டாள். ஆனால் கேட்ட விதத்தில் ஏதாவது கோளாறாகி, இல்லாததையும் ஆத்தா கொடுத்துவிட்டால்? சே. மிஷின் தட்டியது, நின்றது, மறுபடி தட்டியது, நின்றது.

மூன்று முறை முடிந்ததும் ஜெசிந்தா ஒரு டப்பாவில் ஸ்பிரேயைச் செருகி நிலாவுக்கு மருந்து கொடுத்தாள். கொஞ்ச நேரம் வெளியில் உட்காருங்கள், மருந்து உள்ளே இறங்கிய பிறகு மறுபடியும் எடுக்க வேண்டும் என்றாள். கலாமணிக்குப் பகீரென்றது. மருந்து கொடுத்துவிட்டு எடுத்தால் நன்றாகத்தானே வரும்? இதென்ன கூத்து, அழுக்குத் துணியைத் துவைத்துவிட்டு அழுக்கு இருக்கிறதா என்று பார்க்கிற கதையாக இருக்கிறதே! டாக்டர் கடைசிக் காகிதத்தை மட்டும் பார்த்துவிட்டு நார்மல் என்று எழுதிவிட்டால்? "ஏனுங்க, மொதல்ல எடுத்தது இருக்குமுங்களா? அழிஞ்சு போகாதுங்களா?" என்று கேட்டாள். "எல்லாம் இருக்கும் அக்கா, பயப்படாண்டாம்" என்றாள் ஜெசிந்தா. வெளியே பச்சை நாற்காலிகள் வரிசையாக இருந்தன. எதிரே ஒரு குழந்தை பிஸ்கெட் பாக்கெட்டைப் பிரிக்கத் தெரியாமல் பிய்த்துக்கொண்டிருந்தது. கலாமணி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். அடியில் டியூப்லைட் எரிகிற கண்ணாடி மேஜை மேல் துணியை இழுத்து விட்டுப் பார்ப்பாள். கையில் தூக்கிப் பார்த்தால் பழுதே இல்லாத துணியில், வெளிச்சத்தின் மேல் போட்டதும் ஊசிமுனை ஓட்டைகள் தெரியும். இந்த மிஷினும் அப்படி ஒரு மேஜையாக இருக்கட்டும் என்று நினைத்தாள். நினைத்துவிட்டு, பிள்ளையைப் போய்த் துணியோடு சேர்த்தோமே என்று சங்கடப்பட்டாள். பக்கத்தில் நிலா சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். ரொம்பச் சத்தமில்லாமல். கலாமணி திரும்பிப் பார்த்தபோது பிள்ளை தன் வயிற்றில் கை வைத்து, அது ஏறுவதையும் இறங்குவதையும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கடையில் புதுச் சைக்கிளைப் பார்ப்பது போன்ற பார்வை. "என்ன கண்ணு, ஏதாச்சும் பண்ணுதா?" "இல்லம்மா." மறுபடி ஒரு மூச்சு இழுத்தாள். அது போய்க்கொண்டே இருந்தது. விட்டாள். "அம்மா, எல்லாருக்கும் இப்படித்தான் வருமா?" "எப்படிச் சாமி?" "இப்படி. அடி வரைக்கும். உனக்கெல்லாம் தினமும் இப்படித்தான் வருதா?" ஒன்பது வயசுப் பிள்ளை, எல்லாருக்கும் இருக்கிறதை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். எல்லாரும் தன்னைப்போலத்தான் கஷ்டப்பட்டு மூச்சு விட்டுக்கொண்டு, அதற்கு மேலும் ஓடுகிறார்கள், சிரிக்கிறார்கள், கபடி பாடுகிறார்கள், தனக்குத்தான் துப்பில்லை என்று இத்தனை நாளும் நினைத்திருக்கிறாள். கலாமணி அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்தாள். இப்போது அழுதால் அது தோற்றவள் அழுவது மாதிரி ஆகிவிடும்.

இரண்டாம் முறை உள்ளே போனபோது அவள் கைகளுக்கே எல்லாம் தெரிந்தது போலிருந்தது. கன்னங்கள் அதே கன்னங்கள், தட்டல் அதே தட்டல். ஆனால் பிள்ளையின் தோள் காதை நோக்கி ஏறவில்லை. கழுத்துக்குழி உள்ளே வாங்கவில்லை. இத்தனை வருஷம் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்துப் பார்த்து அதுதான் இவள் உட்காரும் தோரணை என்றே கலாமணி நினைத்திருந்தாள். ஜெசிந்தா திரையைப் பார்த்தாள், முன்பு எடுத்ததைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள், ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல அவளுக்கு அனுமதி இல்லையாம், டாக்டர்தான் சொல்ல வேண்டுமாம். ஆனால் கிளிப்பை எடுக்கும்போது நிலாவின் மூக்கைச் செல்லமாகத் திருகி, "கெட்டிக்காரி மக்களே நீ" என்றாள். துடைத்த தட்டாக இருந்த அந்த முகத்தில் இப்போது ஏதோ ஒட்டியிருந்தது. கலாமணி அதை நம்பவும் பயந்தாள், விடவும் மனசில்லை.

டாக்டர் மாதங்கி காகிதங்களை மேஜை மேல் வைத்துவிட்டு முதலில் பிள்ளையைத்தான் பார்த்தார். "உனக்கு எப்படி இருக்கும்னு நீ சொல்லு. அம்மா சொல்ல வேண்டாம்." நிலா அம்மாவைப் பார்த்தாள். அந்த வார்த்தையைச் சொல்லலாமா கூடாதா என்று கேட்கிற பார்வை. சொல்லு சாமி, சொல்லிவிடு, சிரித்தால் இந்த மேஜையையே கவிழ்த்துவிட்டுப் போகலாம் என்று கலாமணியின் மனசுக்குள் சத்தம் கேட்டது. "சின்ன மூச்சு" என்றாள் நிலா, தரையைப் பார்த்துக்கொண்டு. டாக்டரின் பேனா நின்றது. சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை சொல்லு." "சின்ன மூச்சு. மேல மட்டும் வரும். கீழ போகாது." டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிலாவுக்கு நேராக உட்கார்ந்தார். "இதுக்கு நாங்க என்ன பேர் வெச்சிருக்கோம் தெரியுமா? சின்ன மூச்சுக்குழாய். நெஞ்சுக்குள்ள பெரிய குழாய் இருக்கு, அது பிரிஞ்சு பிரிஞ்சு நூலாட்டம் சின்னச் சின்னக் குழாய் ஆகுது. உனக்கு அந்தச் சின்னதுலதான் இறுக்கம். நீ சரியாத்தான் சொல்லியிருக்கே. எங்களுக்குத்தான் உன் பேச்சு புரிய நேரமாச்சு." பிறகு கலாமணியிடம் திரும்பினார். "ஊதற டெஸ்ட்டு முக்கியமா மெயின் ரோட்டத்தான் நல்லாக் காட்டும்மா. ரோடு காலியாத்தான் இருக்கு, அதனால நார்மல்னு வந்துச்சு. அடைப்பு சந்துக்குள்ள. சந்துல அடைப்புன்னா பெரும்பாலும் விசிலும் கேக்காது. மொதல்ல எடுத்ததுல அது தெரியுது. மருந்துக்கப்பறம் எடுத்ததுல நல்லாத் தொறந்திருக்கு. ரெண்டுக்கும் இருக்கற இந்த வித்தியாசம்தான் நமக்கு வேண்டியது. பிள்ளை சொல்றதும் மிஷின் சொல்றதும் ஒண்ணா இருக்கு. ஆஸ்துமாதான். தினமும் ஸ்பிரே எடுக்கணும், நிறுத்தக்கூடாது. எடுத்தா ஓடலாம், ஆடலாம், என்ன வேணா பண்ணலாம்." பழகிப்போயிடும்னு சொல்றாங்களே என்று கலாமணி இழுத்தாள். "நல்ல மூச்சு பழகிப்போகட்டுமே, என்ன இப்ப?" என்றார் டாக்டர். கலாமணி எழுந்து நின்று கும்பிட்டாள். மகளுக்கு ஆஸ்துமா என்று சொன்ன டாக்டரை வாய் கொள்ளாச் சிரிப்போடு கும்பிட்ட தாய் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

வராந்தாவுக்கு வருவதற்குள் போன் அடித்தது. சண்முகவடிவேல். "என்னாச்சு கலா? நார்மல்தான?" "இல்லீங்க!" அவள் கத்திய கத்தலில் பச்சை நாற்காலி வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "நார்மல் இல்லீங்க! நம்ம புள்ளைக்கு நார்மல் இல்லீங்க!" பிஸ்கெட் குழந்தையின் அம்மா பயந்துபோய்த் தன் பிள்ளையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். கலாமணிக்கு யாரைப் பற்றியும் கவலையில்லை. சின்னக் குழாய், சந்து, மருந்து, திறந்தது என்று எல்லாவற்றையும் தலைகால் புரியாமல் கொட்டித் தீர்த்தாள். "அப்ப அவ பொய் சொல்லலையா?" என்று கேட்டார். "ஒருநாளும் சொல்லலீங்க." "புள்ளகிட்டக் குடு" என்றார். நிலா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஸ்பீக்கர் இல்லாமலே கலாமணிக்குக் கேட்டது. "சாமி, சின்ன மூச்சுன்னா எப்படி இருக்கும்? அப்பனுக்குச் சொல்லு." இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. நிலா யோசித்தாள். "இப்ப இல்லப்பா. இப்பப் பெரிய மூச்சு." கலாமணி போனை வாங்கினாள். அக்காகிட்டச் சொல்லட்டுமா என்று அவர் கேட்டார். "வேண்டாங்க, நானே வந்து சொல்லிக்கறேன். அது வரைக்கும் உங்க அக்காகிட்ட நீங்க மூச்சு விடக்கூடாது. செரிங்களா?" என்றாள். செரி என்றார் சண்முகவடிவேல். நேற்று அவள் தலையாட்டின மாதிரியே ஆட்டியிருப்பார்.

ஆஸ்பத்திரிக்கு வெளியே வண்டி நிறுத்துகிற இடத்தில் வெள்ளைக் கோடுகள் போட்டிருந்தார்கள். நிலா ஒரு கோட்டைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், செருப்பைக் கழற்றிவிட்டாள். "அம்மா, நீ அங்கயே நில்லு." வெயில் ஏறியிருந்தது, உப்பும் மிளகும் வாங்க வேண்டும், பஸ் பிடிக்க வேண்டும். கலாமணி நின்றாள். பிள்ளை குனிந்து கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நெஞ்சு நிறைய இழுத்தாள். கபடிக்கபடிக்கபடிக்கபடி என்று பாடிக்கொண்டு வந்தாள். பாட்டு எந்த இடத்தில் அறும் என்று கலாமணிக்கு மனப்பாடம். அந்த இடம் வந்தது, அவள் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள், பாட்டு அந்த இடத்தைத் தாண்டி வந்துகொண்டே இருந்தது. இடுப்பில் பட்டென்று ஒரு அடி. தொட்டுவிட்டுத் திரும்பி ஓடினாள், கபடிக்கபடிக்கபடிக்கபடி, பின்னல் இரண்டும் குதித்தன, வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று பார்த்தார். "நான் அவுட்டு சாமி, நான் அவுட்டு!" என்று கத்தினாள் கலாமணி. கோட்டைத் தாண்டிய பிறகும் நிலா நிறுத்தவில்லை, பாடிக்கொண்டே இருந்தாள். மூச்சு இன்னும் மிச்சம் இருந்தது.